தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள்

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பெண்களுக்காகவும் அவர்கள் குடும்பத்தாருக்காகவும் ஆற்றிய சொற்பொழிவு



மார்பகப் புற்றுநோயைப் பற்றி எங்கள் துறை உங்களுக்கு ஏற்கனவே நிறையச் சொல்லியிருக்கிறது. கட்டி தென்பட்டால் மறைக்காதீர்கள், வலி இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், உடனே வந்து காட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலிக்கிறது. கேட்டுக் கேட்டு உங்களுக்குக் காது புளித்திருக்கும். இன்று நான் பேசப்போவது அதைப் பற்றி அல்ல. காட்டியாயிற்று, ஆபரேஷன் ஆயிற்று, மருந்து ஏற்றியாயிற்று, கரண்ட் வைத்தாயிற்று, வீட்டுக்கும் வந்தாயிற்று. அதற்குப் பிறகு வருகிற இரவுகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

சுமார் பத்து வருஷங்களுக்கு முன்னால் ஒரு நெசவாளர் தெருவில் ஒரு தாயைப் பார்க்கப் போனேன். வயது நாற்பத்தாறு. ஒரு பக்க மார்பகத்தை எடுத்திருந்தார்கள். சிகிச்சை எல்லாம் முடிந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. கிராம சுகாதாரச் செவிலியரும் நானும் பாயில் உட்கார்ந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டோம். புண் ஆறிவிட்டதா? ஆறிவிட்டது. கை தூக்க முடிகிறதா? முடிகிறது. சாப்பாடு இறங்குகிறதா? இறங்குகிறது. அடுத்த பரிசோதனை எப்போது? தேதி சொன்னார். நானும் நோட்டில் 'நலம்' என்று எழுதிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது பக்கத்து வீட்டு அம்மாள் என் காதோடு காதாக, "ராத்திரியெல்லாம் அவ திண்ணையிலதாம்மா உக்காந்திருக்கா. நாங்க பால் வாங்க எழுந்திரிக்கும்போதும் அங்கியேதான் இருக்கா" என்றார்.

திரும்ப உள்ளே போனேன். "ஏம்மா, தூக்கம் வருகிறதா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். அந்தத் தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். "எங்கம்மா வருது? நெஞ்சிலேருந்து குபீர்னு ஒரு சூடு கிளம்புது. ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சிடுது. நோய்தான் திரும்ப வந்து எரியுதுன்னு நெனச்சுக்கறேன். அவரு காலைல தறியில உக்காரணும், எழுப்ப மனசு வரல. அதான் திண்ணைக்கு வந்துடறேன்" என்றார். பிறகு இன்னொன்றையும் சொன்னார். அந்தச் சூடு மாத்திரையால்தான் வருகிறது என்று யாரோ சொன்னார்களாம். இரண்டு மாதமாக மாத்திரையைச் சாப்பிடவில்லை. வீட்டில் கேட்டால் திட்டுவார்கள் என்று தினம் ஒன்றாக எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

அந்த மாத்திரை நோய் திரும்பி வராமல் காப்பதற்காகக் கொடுத்த மாத்திரை. என் நோட்டிலோ 'நலம்' என்று இருந்தது.

ஒரே ஒரு கேள்வியை நான் கேட்காமல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஆகவேதான் அந்தக் கேள்வியை இன்று உங்கள் கையில் கொடுக்க வந்திருக்கிறேன். நான் மாதத்துக்கு ஒரு முறை வருகிறவள். நீங்கள் பக்கத்திலேயே இருக்கிறவர்கள்.

இது எத்தனை பேருடைய விஷயம்?

நம் நாட்டில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் புதிதாகச் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் வந்தது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றிய காலத்தில், இந்த நோய் என்றாலே முடிவு என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். இன்று நிலைமை அப்படி இல்லை. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து முறையாகச் சிகிச்சை பெற்றவர்கள் பல்லாண்டு வாழ்கிறார்கள். உங்கள் தெருவிலும், குழுவிலும், உறவிலும் அப்படி ஒருவராவது இருப்பார்.

உயிர் பிழைத்தது பெரிய சந்தோஷம். ஆனால் பிழைத்தவர் மறுநாளே பழைய ஆளாகிவிடுவதில்லை. சிகிச்சை நடக்கும்போது கூட டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், அடுத்த தேதி இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறார்கள். முடிந்து வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் "அப்பாடா" என்று அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் பயமே ஆரம்பிக்கிறது. பகலில் சோறு, துணி, பிள்ளைகள் என்று பொழுது போய்விடும். விளக்கணைத்த பிறகு யோசனையைத் தவிர வேறு என்ன துணை?

தூக்கம் ஏன் கெடுகிறது?

தூக்கம் வராததை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. "வயசாச்சு, வரலை" என்று விட்டுவிடுகிறோம். மார்பகப் புற்றுநோய் வந்து மீண்ட பெண்களுக்கு மற்றவர்களைவிடத் தூக்கமின்மை அதிகம் என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளிலும் தெரிந்த விஷயம். அதற்குக் காரணங்கள் உண்டு. காரணம் தெரிந்தால் பாதி பயம் போகும்.

ஒன்று, உடம்புச் சூடு. சிகிச்சை மருந்துகளால் பல பெண்களுக்கு மாதவிடாய் சீக்கிரமே நின்றுவிடுகிறது. டாமாக்ஸிஃபென் போன்ற மாத்திரைகளும் ஹார்மோன் வேலை செய்வதைத் தடுக்கின்றன. அதனால் திடீரென்று மார்பிலும் முகத்திலும் சூடு பரவி வேர்த்துக் கொட்டும். சில நிமிஷத்தில் அடங்கும். இரவில் இப்படி இரண்டு மூன்று தடவை வந்தால் தூக்கம் எங்கே? ஆனால் இந்தச் சூடு நோய் திரும்பியதற்கு அடையாளம் அல்ல. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

இரண்டு, வலியும் மரமரப்பும். ஆபரேஷன் செய்த இடத்தில் இழுப்பு, அக்குளில் மதமதப்பு, கை வீக்கம், விரல் நுனியில் எரிச்சல் இவை சிலருக்கு மாதக் கணக்கில் இருக்கும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது.

மூன்று, மருந்து ஏற்றும் நாட்களில் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை. வாந்தியை அடக்கக் கொடுப்பார்கள். மாலையில் சாப்பிட்டால் இரவு கொட்டக் கொட்ட விழித்திருக்க நேரும். காலையிலேயே சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு, நாம் அன்பினால் செய்யும் ஒரு காரியம். "நீ ஒன்றும் செய்யாதே, படுத்திரு" என்று பகலெல்லாம் படுக்க வைத்துவிடுகிறோம். பகலில் மூன்று மணி நேரம் தூங்கியவருக்கு இரவில் எப்படித் தூக்கம் வரும்?

ஐந்து, மனசு. நோய் திரும்புமோ என்ற பயம். ஒரு பக்கம் இல்லாத உடம்பைக் கண்ணாடியில் பார்க்கும் துக்கம். வைத்தியத்துக்கு வாங்கிய கடன். மகளுக்கு வரன் பார்க்கும்போது இதைச் சொல்வதா, மறைப்பதா என்ற குழப்பம். இவையெல்லாம் இரவு பதினோரு மணிக்குத்தான் வரிசையாக வந்து நிற்கும்.

இந்த ஐந்தும் ஒன்றை ஒன்று வளர்க்கும். தூக்கம் கெட்டால் மனசு சோரும். மனசு சோர்ந்தால் தூக்கம் இன்னும் கெடும். களைத்துப் போனவர் பரிசோதனைக்குப் போகமாட்டார், மாத்திரையை விட்டுவிடுவார். தூக்கத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசுவது இதற்காகத்தான்.

ஊர் வாயும் வீட்டு வாயும்

மருந்தால் வராத கஷ்டம் சில சமயம் நம் வாயால் வந்துவிடுகிறது. தட்டையும் தம்ளரையும் தனியாக வைக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பேரக்குழந்தையை அவர் மடியில் விடாத வீட்டையும் பார்த்திருக்கிறேன். தாய்மார்களே, புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் வியாதி அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும், கட்டி அணைத்தாலும் வராது. வெளியிலிருந்து மெஷினால் வைக்கும் கரண்டும் உடம்பில் தங்கி நிற்பதில்லை. குழந்தையைத் தாராளமாக மடியில் கொடுங்கள். அந்தக் குழந்தையைவிட நல்ல மருந்து எது?

"நீ எப்போதும் கவலைப்படுவாய், அதனால்தான் வந்தது" என்பார்கள். கவலைப்பட்டதால் மார்பகப் புற்றுநோய் வந்தது என்பதற்கு நிரூபணம் கிடையாது. "போன ஜென்மத்துப் பாவம்" என்பதும் வேண்டாம். நோயைச் சுமக்கிறவர் மேல் குற்றத்தையும் சேர்த்துச் சுமத்துவது நியாயமா?

மகளுக்கும் வருமே என்று பயப்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரைதான். குடும்பத்தில் பல பேருக்கு வந்திருந்தாலோ, மிகச் சிறு வயதில் வந்திருந்தாலோ டாக்டரிடம் ஆலோசனை கேளுங்கள். அதற்காக வரன் பேசும் இடத்தில் அந்தத் தாயைச் சமையலறைக்குள் ஒளித்து வைக்காதீர்கள்.

இன்னொன்று இருக்கிறது, அது நல்ல எண்ணத்தில் சொல்வது. "தைரியமா இரு, அழக்கூடாது." இதைச் சொன்னால் அந்தப் பெண் தைரியமாகிவிடுவதில்லை, நம் முன்னால் அழுவதை நிறுத்திவிடுகிறார், அவ்வளவுதான். பிறகு திண்ணைக்குப் போய் அழுவார்.

துணை என்றால் என்ன?

துணை இருப்பதும் இல்லாததும் வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. அமெரிக்காவில் செவிலியர்களாக வேலை பார்த்தவர்களில் மார்பகப் புற்றுநோய் வந்த 2,835 பேரைப் பல வருஷங்கள் கவனித்து 2006இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். உறவு, சிநேகம் இன்றித் தனித்திருந்தவர்களிடம் மரணம் கூடுதலாக இருந்தது. தனிமையே கொன்றது என்று இதற்கு அர்த்தம் அல்ல. மருந்து எடுத்துக் கொடுக்கவும், ஆஸ்பத்திரிக்குக் கூட வரவும், "என்ன இது, இளைத்துவிட்டாயே" என்று கவனிக்கவும் ஆள் இல்லாமல் போவதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

நோயாளிகள் குழுவாக உட்கார்ந்து பேசினால் ஆயுளே கூடும் என்று 1989இல் ஓர் ஆராய்ச்சி சொன்னது. அது உண்மைதானா என்று பிறகு கனடாவில் 235 பெண்களை வைத்துச் சோதித்து 2001இல் முடிவைச் சொன்னார்கள். ஆயுள் கூடவில்லை. ஆனால் மனத்துயரும் வலியும் குறைந்தன. அது போதாதா? வாழ்கிற நாளில் வலி குறைந்தால் அதுவும் லாபந்தானே! ஆகவே குழுவில் சேர்ந்தால் நோய் ஓடிவிடும் என்று நான் உங்களுக்கு ஆசை காட்ட வரவில்லை. சிகிச்சை சிகிச்சைதான். துணை அந்தச் சிகிச்சையை ஒழுங்காக நடக்க வைக்கும், இரவைச் சிறியதாக்கும்.

துணை மூன்று வகைப்படும்.

கை கொடுக்கும் துணை: "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். யாரும் சொல்லமாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை தண்ணீர் நான் பிடித்து வைக்கிறேன்", "ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று பிள்ளைகள் எங்கள் வீட்டில் சாப்பிடட்டும்", "மாவு அரைத்துக் கொண்டு வருகிறேன்" என்று இன்ன நாள், இன்ன வேலை என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையால் கனமான குடம் தூக்குவதும் மாவாட்டுவதும் ஆரம்ப மாதங்களில் கஷ்டம். சுய உதவிக் குழுவில் பத்துப் பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

காது கொடுக்கும் துணை: பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது. புத்திமதி வேண்டாம், வேறு யாருக்கோ வந்து செத்துப்போன கதையும் வேண்டாம். "ராத்திரி எப்படி இருந்துது அக்கா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவரே பேசுவார். அழுதால் அழட்டும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.

வழி காட்டும் துணை: எந்த நாளில் டாக்டர் இருப்பார், காப்பீட்டு அட்டைக்கு என்ன காகிதம் வேண்டும், புற்றுநோயாளிகளுக்கு ரயில் கட்டணச் சலுகை எப்படி வாங்குவது, இவற்றை விசாரித்துச் சொல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றித் தெரியாமல் நகையை அடகு வைத்தவர்கள் நம் ஜில்லாவிலேயே உண்டு. கடன் குறைந்தால் தூக்கம் தானே கூடும்!

இதில் ஒரு விசேஷத் துணையும் உண்டு. அதே நோயைக் கடந்து வந்த இன்னொரு பெண். அமெரிக்காவில் டெரீஸ் லாஸர் என்ற அம்மையார் தமக்கு மார்பக ஆபரேஷன் ஆன பிறகு 1952இல் இப்படி ஒரு வேலையைத் தொடங்கினார். புதிதாக ஆபரேஷன் ஆன பெண்களை, ஏற்கனவே ஆனவர்கள் போய்ப் பார்த்துப் பேசுவது, கையைத் தூக்கும் பயிற்சியைச் செய்து காட்டுவது, உள்பாடியில் வைக்கும் பஞ்சு மெத்தையைப் பற்றிச் சொல்வது. பிற்பாடு அது பல நாடுகளுக்கும் பரவியது. நமக்கு இதற்குப் பெரிய சங்கம் வேண்டியதில்லை. பக்கத்து ஊரில் ஒருவர் இருந்தால் போதும். "எனக்கும் இப்படித்தான் வேர்த்தது. இதோ, எட்டு வருஷமாச்சு, நிக்கறேன் பார்" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு நான் பேசும் ஒரு மணி நேரம் ஈடாகாது.

கணவன்மார்களுக்கு

பின்னால் நிற்கும் சகோதரர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் மனைவி திண்ணைக்கோ கூடத்துக்கோ படுக்கையை மாற்றிக்கொண்டால், "அவளுக்குத் தனிமை வேணும்போல" என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். "என்னைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை" என்று அவர் அங்கே நினைத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தொந்தரவு தரக்கூடாது என்று எண்ணி, இரண்டு பேரும் தனித்தனியே விழித்திருப்பார்கள். கேளுங்கள். தழும்பைப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். இரவில் அவருக்கு வேர்த்தால் எழுந்து விசிறியை எடுத்து வீசுங்கள், ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். அது பெரிய வைத்தியம். உங்களுக்கும் பயம் இருக்கும், உங்கள் தூக்கமும் கெட்டிருக்கும். அதை நீங்களும் யாரிடமாவது சொல்லுங்கள்.

தூக்கம் வராத சகோதரிக்கு

இனி அந்தப் பெண்மணியே, உங்களோடு நேராகப் பேசுகிறேன். நீங்கள் பலவீனமானவர் அல்ல. உங்கள் உடம்பு பெரிய யுத்தத்திலிருந்து வந்திருக்கிறது. அது மறுபடி தூக்கத்தைப் பழக வேண்டும். அமெரிக்க மருத்துவர் கழகம் ஒன்று 2016இல், பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் கொடுக்க வேண்டியது பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் பயிற்சியே என்று சிபாரிசு செய்தது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கும் அது பலன் தந்திருக்கிறது. அந்தப் பயிற்சியின் சாரத்தை வீட்டுக்குத் தகுந்தபடி சொல்கிறேன்.

1. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். இதுதான் முதல் விதி.

2. பகலில் படுத்தே ஆக வேண்டும் என்றால் அரை மணி போதும். அதுவும் மூன்று மணிக்கு முன்னால்.

3. தூக்கம் கண்ணைச் சுற்றும்போது மட்டும் பாய்க்குப் போங்கள். இருபது நிமிஷம்போல் ஆகியும் வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காதீர்கள். எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்து மங்கலான வெளிச்சத்தில் பூக்கட்டுவது, பயறு பொறுக்குவது போன்ற அமைதியான வேலை ஏதாவது செய்யுங்கள். தூக்கம் வந்ததும் திரும்பப் படுங்கள். செல்போனைத் தொடாதீர்கள், மணி எத்தனை என்றும் பார்க்காதீர்கள்.

4. மத்தியானத்துக்கு மேல் காப்பி, டீ வேண்டாம்.

5. மாலையில் நடங்கள். முதலில் தெருக்கோடி வரை, பிறகு கோயில் வரை. வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு அரை மணி என்று வந்துவிட்டால் களைப்பும் குறையும், தூக்கமும் கூடும். கூட ஒருவர் நடந்தால் பேச்சும் ஆயிற்று.

6. கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். விளக்கு வைத்த பிறகு கால் மணி. மனசில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். இரவில் அதே கவலை வந்தால், "உன் நேரம் நாளைக்கு மாலை" என்று சொல்லிவிடுங்கள். சிரிப்பாக இருக்கும், பழகினால் பலிக்கும்.

7. உடம்புச் சூட்டுக்கு: மெல்லிய பருத்தி ரவிக்கை, காற்று வரும் இடம், பக்கத்தில் ஈரத்துண்டு, பானைத் தண்ணீர். இரவில் காரமும் சூடான பானமும் குறைவு. சூடு கிளம்பும்போது மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடுங்கள்.

8. ஆபரேஷன் ஆன பக்கத்துக் கைக்குக் கீழே சிறு தலையணை வையுங்கள். அந்தக் கை மேல் படுக்காதீர்கள். கை வீங்கினால் உடனே காட்டுங்கள்.

முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். மூன்று நான்கு வாரம் விடாமல் செய்து பாருங்கள்.

பயத்துக்கும் ஒரு கணக்கு வையுங்கள். ஒவ்வொரு சுரீர் வலியும் நோய் அல்ல. ஆனால் புதிதாகக் கட்டி, தழும்பில் தடிப்பு அல்லது புண், இரண்டு வாரத்துக்கு மேல் விடாத எலும்பு வலி, விடாத இருமல், மூச்சிரைப்பு, விடாத தலைவலி, காரணமில்லாத எடைக்குறைவு, இவற்றில் ஏதாவது இருந்தால் தேதிக்குக் காத்திராமல் டாக்டரிடம் போங்கள். இந்தப் பட்டியலில் இல்லாததை அடுத்த பரிசோதனையில் கேட்கலாம் என்று நோட்டில் எழுதி வையுங்கள். எழுதி வைத்த பயம் இரவில் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

மாத்திரை விஷயத்தில் எச்சரிக்கை

டாமாக்ஸிஃபென் போன்ற மாத்திரையைப் பலர் ஐந்து வருஷம், சிலர் பத்து வருஷம் சாப்பிட வேண்டும். அது தேவைப்படும் வகை நோயில், சாப்பிடும் காலத்தில் நோய் திரும்பும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. சூடு தாங்கவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், போய்ச் சொல்லுங்கள். சூட்டைக் குறைக்கவும் மருந்து இருக்கிறது, மாத்திரையை மாற்றவும் வழி இருக்கலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு மற்றவர்கள் வாங்கிச் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரை உங்களுக்கு ஆகாது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும் வேண்டாம். மாமியாருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையும் வேண்டாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பராக்ஸிடின், ஃப்ளுவாக்ஸிடின் போன்ற சில மாத்திரைகள் டாமாக்ஸிஃபெனின் வேலையைக் குறைக்கக்கூடும். அதற்குப் பதில் வேறு மாத்திரைகள் இருக்கின்றன. ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

புற்றுநோய் வைத்தியத்தில் ஒரு சுலபமான அளவுகோல் உண்டு. ஒரு வெப்பமானியை நினைத்துக்கொள்ளுங்கள். துயரமே இல்லை என்றால் பூஜ்யம். தாங்கவே முடியவில்லை என்றால் பத்து. "போன ஒரு வாரத்தில் உன் மனசு எத்தனையில் இருந்தது?" என்று கேளுங்கள். நான்கும் அதற்கு மேலும் என்றால் டாக்டரிடமோ செவிலியரிடமோ சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரல் விட்டுச் சொல்லிவிடுவார்.

வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் தூக்கம் இல்லாமல் மாதக் கணக்கில் நீடித்தாலும், இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல டாக்டர் இருக்கிறார். அவரிடம் போனால் பைத்தியம் என்று அர்த்தம் அல்ல.

"நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று இரவு அவரைத் தனியே விடாதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

முடிவாக

திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்தத் தாயைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். அடுத்த வாரமே அவரை டாக்டரிடம் அழைத்துப் போனோம். மறைத்து வைத்த மாத்திரை டப்பாவையும் கையோடு எடுத்து வரச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. மாத்திரையை மறுபடி தொடங்கி, சூட்டுக்கும் ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். சூடு அடியோடு நின்றுவிடவில்லை, குறைந்தது. கணவருக்கு விஷயம் தெரிந்தது. "எழுப்பியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். பக்கத்து வீட்டு அம்மாள் தினம் சாயங்காலம் அவரை ஏரிக்கரை வரை நடக்க அழைத்துப் போனார். இரவு ஒரு மணி வரை விழித்திருந்தவர் பதினோரு மணிக்குத் தூங்க இரண்டு மாதம் பிடித்தது. போன வருஷம் அதே தெருவில் இன்னொரு பெண்ணுக்கு ஆபரேஷன் ஆகி வந்தபோது, எனக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தவர் இந்தத் தாய்தான். என்ன கேட்டார் தெரியுமா? புண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. "தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டார்.

இப்போதெல்லாம் என் நோட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு தனிக் கட்டம் போட்டிருக்கிறேன். 'நலம்' என்று எழுதுவதற்கு முன் அதை நிரப்புகிறேன்.

நினைவில் வையுங்கள்

* புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது. அந்தப் பெண்ணை ஒதுக்காதீர்கள்.
* "தைரியமாக இரு" என்பதற்குப் பதில் "தூக்கம் வருகிறதா?" என்று கேளுங்கள்.
* உதவியை நாள் குறித்து, வேலை குறித்துச் செய்யுங்கள்.
* டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தவும் வேண்டாம், புதிதாகத் தொடங்கவும் வேண்டாம்.
* மனத்துயர் நான்கோ அதற்கு மேலோ இருந்தால் சொல்லுங்கள். அவசரத்துக்கு 14416.

இந்தத் துண்டுப் பிரசுரத்தைப் படித்து முடித்ததும் மடித்துப் பரணில் போட்டுவிடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு இன்றைக்கே ஒரு நடை போய் வாருங்கள்.